இரட்டை மிதிக்கு ஒரு பூட்டு

காரில் ஒன்றாக இருக்கும் பிரேக் மிதி, வேளாண் டிராக்டரில் பெரும்பாலும் இரண்டாக இருக்கும். ஒரு மிதி இடப் பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கும், மற்றது வலப் பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கும்; பழைய டிராக்டர்களில் முன்சக்கரங்களுக்குப் பிரேக்கே கிடையாது. இந்த ஏற்பாட்டை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு இது காலத்தால் பின்தங்கிய, திருத்தப்பட வேண்டிய குறை என்று தோன்றலாம். உண்மையில் அது வயலின் தேவையை நன்கு அறிந்து செய்யப்பட்ட வடிவமைப்பு. அதே டிராக்டர் வயலை விட்டுச் சாலைக்கு ஏறும்போதுதான் அந்த வசதி ஆபத்தாக மாறுகிறது. இரு மிதிகளையும் ஒன்றாகப் பூட்டும் சிறிய இணைப்பின் வரலாறும் நுட்பமும் இந்த முரண்பாட்டிலிருந்தே பிறக்கின்றன.

பின்சக்கரங்கள் இரண்டுக்கும் எஞ்சினின் விசையைப் பகிர்ந்தளிப்பது அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் எனப்படும் பல்சக்கரத் தொகுதி. வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகத் தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் உருள வேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இத்தொகுதி இடம் கொடுக்கிறது. ஒரு சக்கரத்தைப் பிரேக்கால் இறுக்கிப் பிடித்தால், அதன் சுழற்சி முழுவதும் மறு சக்கரத்துக்குச் சென்று, டிராக்டர் பிடிபட்ட சக்கரத்தையே மையமாகக் கொண்டு வட்டமிடும். உழவுசால் முடியும் இடத்தில் மண் இளகிக் கிடக்க, பின்னால் கலப்பை இழுக்க, முன்சக்கரங்களை எவ்வளவு திருப்பினாலும் அவை வழுக்கிக்கொண்டு நேராகவே போகும் நிலை உழவர்களுக்குப் பழக்கமானது. அங்கே ஒற்றைப் பிரேக் இரண்டாவது ஸ்டியரிங்காக வேலை செய்கிறது. சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலும்போது, அதை லேசாகப் பிடித்து விசையை மறு சக்கரத்துக்குத் திருப்பிவிடவும் அது பயன்படுகிறது.

இந்த உத்தி எவ்வளவு முக்கியமாகக் கருதப்பட்டது என்பதற்கு அமெரிக்காவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1924-இல் அறிமுகம் செய்த ஃபார்மால் டிராக்டர் சான்று. மக்காச்சோளம், பருத்தி போன்ற வரிசைப் பயிர்களுக்கிடையே ஓட்டுவதற்காக உயரமான உடலும் நெருங்கிய முன்சக்கரங்களும் கொண்டு வந்த அந்த வண்டியில், ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பினால் ஒரு கம்பி வடம் இழுபட்டு, உட்பக்கப் பின்சக்கரத்தின் பிரேக்கைத் தானாகவே போட்டுவிடும். வரிசை முடிவில் நின்ற இடத்திலேயே திரும்பி அடுத்த வரிசைக்குள் நுழைவதற்கு அது உதவியது. பின்னாளில் வடங்கள் மறைந்து, அதே வேலை ஓட்டுநரின் காலுக்கு வந்தது.

பழைய டிராக்டர்களைச் சேகரித்துப் பழுதுநீக்கி ஓட்டுவோரிடையே இன்று மிகப் பரவலாகக் காணப்படும் ஃபோர்டு என் வரிசை, இந்தக் கதையின் மையத்துக்கு உரியது. ஹென்றி ஃபோர்டும் அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசனும் 1938-இல், எழுத்தில் எதுவுமின்றி, கைகுலுக்கலோடு செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவாக, ஃபெர்குசனின் மூன்று முனை இணைப்பும் ஹைட்ராலிக் தூக்கியும் பொருத்தப்பட்ட 9என் 1939-இல் வெளிவந்தது. போர்க்காலத்தில் 1942 முதல் 2என் என்ற பெயரில் அதன் எளிய வடிவம் வந்தது. உடன்பாடு முறிந்தபின் 1947-இல் ஃபோர்டு தனித்து வெளியிட்ட 8என், 1952 வரை உற்பத்தியாகி ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. எண்கள் வரிசை தப்பியவை போலத் தோன்றினாலும் அவை ஆண்டின் கடைசி இலக்கங்கள்தாம். 9 என்பது 1939, 2 என்பது 1942, 8 என்பது 1948-ஆம் ஆண்டு மாடல்.

இந்த வரிசைக்குள்ளேயே மிதிகளின் இடம் மாறியது கவனிக்கத்தக்கது. 9என், 2என் இரண்டிலும் இடச்சக்கரத்தின் மிதி இடப்பக்கத்தில், கிளட்ச் மிதிக்கு அருகிலேயே இருந்தது. வலச்சக்கரத்தின் மிதி வலப்பக்கத்தில் தனித்து நின்றது. வயலில் இது இயல்பான ஏற்பாடு. இடம் திரும்ப இடக்கால், வலம் திரும்ப வலக்கால் என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை. ஆனால் வண்டியை நேராக நிறுத்த வேண்டிவந்தால் இடக்கால் ஒன்றே கிளட்சையும் பிரேக்கையும் கவனிக்க வேண்டும். ஒரே பாதத்தால் இரண்டையும் ஒருசேர அழுத்துவது எளிதல்ல. 8என் வந்தபோது ஃபோர்டு பொறியாளர்கள் இரு பிரேக் மிதிகளையும் வலப்பக்கத்துக்குக் கொண்டுவந்து அருகருகே வைத்தார்கள். இடச்சக்கரத்துக்கான இழுவிசை வண்டியின் அடிப்பகுதியில் குறுக்கே செல்லும் ஒரு தண்டின் வழியே மறுபுறம் சென்றது. இடக்கால் கிளட்சுக்கு மட்டுமென ஆயிற்று. வலக்கால் தேவைக்கேற்ப ஒரு மிதியையோ இரண்டையும் சேர்த்தோ மிதிக்கலாம். மிதிகளை இணைப்பது பற்றிய பேச்சு 8என் விஷயத்தில் பொருளுள்ளதாகவும் 9என் விஷயத்தில் பெரும்பாலும் நடைமுறைக்கு ஒவ்வாததாகவும் இருப்பதன் காரணம் இதுவே.

சாலையில் என்ன நேர்கிறது என்பதைச் சில எண்கள் விளக்கும். 8என் ஏறத்தாழ 1,100 கிலோ எடையுள்ளது. நான்காம் கியரில் மணிக்கு 20 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் ஓடும். கார் ஓட்டுபவருக்கு இது ஊர்வது போலத் தோன்றினாலும், ஒரு நொடிக்கு ஐந்தரை மீட்டர் என்று கணக்கிட்டால் அதன் பொருள் புரியும். சாலையின் ஒரு தடம் பொதுவாக மூன்று முதல் மூன்றரை மீட்டர் அகலமே உள்ளதால், ஒரே ஒரு பின்சக்கரம் பிடிபட்டு வண்டி பக்கவாட்டில் இழுபட்டால், ஓட்டுநர் நிலைமையை உணர்ந்து ஸ்டியரிங்கைத் திருப்புவதற்குள் அது எதிர்த்தடத்துக்கோ சாலையோரப் பள்ளத்துக்கோ போய்விடும். அவசரத்தில் கால் நழுவி ஒரு மிதியில் மட்டும் விழுவதற்கு நீண்ட நேரம் வேண்டியதில்லை; ரப்பர் காலணியில் படிந்த சேறோ தேய்ந்து வழவழப்பான மிதிப் பரப்போ போதும்.

இழுபடுவதோடு முடிந்தால் நல்லது. நான்கு சக்கரம் இருப்பதால் டிராக்டர் நாற்காலி போல நான்கு மூலையிலும் ஊன்றி நிற்கிறது என்று கருதுவது தவறு. மேடுபள்ளத்தில் எல்லாச் சக்கரங்களும் தரையைத் தொடும்படி, முன் அச்சு நடுவில் ஒற்றைப் பின்னில் கோக்கப்பட்டு இருபுறமும் ஊசலாடுமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே வண்டியின் உடல் உண்மையில் தாங்கப்படுவது மூன்று புள்ளிகளில், அதாவது முன்னே அந்த ஒரு பின், பின்னே இரண்டு டயர்கள். இம்முக்கோணத்தின் கூர்முனை முன்பக்கம் இருப்பதாலும், எடை மையம் உயரத்தில் இருப்பதாலும், திடீரென்று ஒருபுறம் திரும்பும் டிராக்டர் பக்கவாட்டில் கவிழ்வதற்குக் காரைக் காட்டிலும் மிகக் குறைந்த விசையே போதும். கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் உருக்குச் சட்டகத்தைப் புதிய டிராக்டர்களில் கட்டாயமாக்கிய முதல் நாடு சுவீடன், அதுவும் 1959-இல்தான். அதற்கு முன்பே ஆலையை விட்டு வெளிவந்த 8என் போன்றவற்றில் அப்படி எதுவும் இல்லை.

அன்றைய உழவர் பெரும்பகுதி நேரம் வயலில் ஓட்டினார். இன்று அதே வண்டி பழைய எந்திரங்களின் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் தார்ச்சாலையில் வரிசையாகப் போகிறது. சிறு பண்ணைகளில் வைக்கோல் கட்டுகளை இழுத்துச் செல்கிறது. பயன்பாடு சாலைப்பக்கம் சாய்ந்துவிட்டதால் இணைப்பின் தேவையும் கூடியிருக்கிறது.

இணைப்பு என்பது அமைப்பில் மிக எளியது. பரவலான வடிவத்தில், ஒரு மிதியின் தண்டில் கீல்போலக் கோத்த சிறு உருக்குத் தகடு, மடக்கினால் மறு மிதியின் தண்டில் உள்ள வெட்டுக்குள் விழுந்து இரண்டையும் ஒன்றாக்கும். தூக்கிவிட்டால் இரண்டும் தனித்தனியே இயங்கும். கதவுத் தாழ்ப்பாள்போல நகரும் கம்பியும், இரு மிதிகளிலும் துளையிட்ட காதுகள் வழியே செருகும் பின்னும் வேறு வடிவங்கள். எதுவானாலும் அதற்குச் சில இலக்கணங்கள் உண்டு. எஞ்சின் அதிர்விலும் சாலைக் குலுக்கலிலும் தானாகக் கழன்றுவிடக் கூடாது. வயலில் விலக்கி வைத்திருக்கும்போது தானாக விழுந்து பூட்டிக்கொள்ளவும் கூடாது. அது பூட்டியிருக்கிறதா இல்லையா என்பது இருக்கையில் இருந்தபடியே கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரண்டாவது நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வரப்பை நெருங்கித் திரும்புவதற்காக ஒற்றை மிதியை மிதிக்கும் ஓட்டுநருக்கு, எதிர்பாராமல் இரு சக்கரமும் பிடிபட்டு வண்டி திரும்பாமல் நின்றால், அதுவும் விபத்துக்கு வழியே.

தகட்டை எந்த உயரத்தில் பொருத்துவது என்பதில் சிறிது இயற்பியல் இருக்கிறது. பாதம் ஒரு மிதியின்மேல் மட்டும் இருக்க, மறு பிரேக்குக்கான விசை முழுவதும் இணைப்பின் வழியே கடக்க வேண்டும். மிதியின் நீளம் 30 செ.மீ. என்று கொண்டால், அச்சிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் உள்ள இணைப்பு, மிதிப்பரப்பை ஒட்டி 30 செ.மீ. தூரத்தில் உள்ள இணைப்பைவிட மூன்று மடங்கு விசையைத் தாங்க வேண்டியிருக்கும். ஆகவே மிதிப்பரப்புக்கு எவ்வளவு அருகில் பொருத்த முடியுமோ அவ்வளவு நல்லது. மெல்லிய தகடு கீழே இருந்தால் வளையும், வளைந்த அளவுக்கு இரண்டாவது பிரேக் பின்தங்கும்.

பழைய வண்டியின் மிதித் தண்டு எந்த உலோகம், எப்படி உருவாக்கப்பட்டது என்று உறுதியாகத் தெரியாத நிலையில் அதன்மேல் வெல்டிங் செய்வதைத் தவிர்ப்பது அறிவுடைமை. வார்ப்பிரும்பு வகையானால் வெல்டிங் சூட்டில் விளிம்பு உறுதியிழந்து, பின்னொரு நாள் பலமாக மிதிக்கும்போது முறியக்கூடும். தண்டைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்றைப் போல்ட்டால் இறுக்கி அதில் தகட்டைக் கோத்தால் மூலப்பொருளுக்குச் சேதமில்லை. வண்டியை ஆலையிலிருந்து வந்த தோற்றத்திலேயே வைத்திருக்க விரும்பும் சேகரிப்பாளர் கண்காட்சி நாளில் அதைக் கழற்றியும் விடலாம். பொதுவாக, இரு மிதிகளும் ஒரே அச்சைச் சுற்றிச் சுழல்பவையாக இருந்தால் எந்த இணைப்பும் பொருந்தும். அச்சுகள் வேறுபட்டால் விறைப்பான தகடு பாதி வழியில் இறுகிக்கொள்ளும், எனவே வெட்டைச் சற்று நீளமாக்கி நழுவ இடம் விட வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டால் வண்டி நேராக நிற்கும் என்று நம்புவதுதான் இந்த வேலையில் நேரும் பெரிய பிழை. விறைப்பான தகடு இரு மிதிகளும் நகரும் தூரத்தைச் சமமாக்குகிறதே தவிர, இரு பிரேக்குகளும் பிடிக்கும் விசையைச் சமமாக்குவதில்லை. நடுவில் கட்டிய நுகத்தடி, ஒரு மாடு முந்தினால் சாய்ந்துகொடுத்து இழுவையை இருபுறமும் பகிர்வதுபோல, நடுவில் அச்சாணியில் ஊசலாடும் சமன்பட்டை ஒன்று இருந்தால் மட்டுமே விசை தானாகச் சமமாகும். மிதிகளைப் பூட்டும் தகடு அப்படிச் சாய்வதில்லை. இடப் பிரேக் ஒரு விரலளவு மிதித்ததும் பிடிப்பதாகவும், வலப் பிரேக் மூன்று விரலளவு மிதித்த பின்பே பிடிப்பதாகவும் இருந்தால், பூட்டிய மிதியை மிதிக்கும்போது இடச்சக்கரமே சுமை முழுவதையும் ஏற்கும். மிதி ஒன்றான பிறகும் வண்டி இடப்புறம் இழுக்கும். ஓட்டுநரோ இணைப்பை நம்பி ஸ்டியரிங்கைத் தளர்வாகப் பிடித்திருப்பார்.

ஆகவே இணைப்பதற்கு முன் இரு பிரேக்குகளையும் ஒப்பச் செய்வது முதல் வேலை. 8என் வண்டியில் சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்குள் இரு பிரேக் ஷூக்கள் உள்ளன. மிதியை மிதித்தால் அவை விரிந்து டிரம்மின் உட்சுவரை உரசும். ஷூக்கள் தேயத் தேய இடைவெளி கூடுவதால், அதைக் குறைக்க நட்சத்திர வடிவப் பல்சக்கரம் ஒன்று உள்ளே இருக்கிறது. முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, பின்பகுதியை ஜாக்கியால் தூக்கி உறுதியான தாங்கிகள்மேல் இறக்கிய பிறகு, பின்தகட்டிலுள்ள சிறு துளை வழியாகத் திருகோலை விட்டு அந்தப் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக நகர்த்த வேண்டும். கையால் சுழற்றும்போது சக்கரம் உரசி இறுகும் வரை ஒரு திசையில் கொண்டுபோய், பின் தடையின்றிச் சுழலும் அளவுக்குத் தளர்த்தி, மறு சக்கரத்திலும் அதே அளவு தளர்வு விட வேண்டும்.

சமன்படுத்தியும் ஒரு பக்கம் பிடிக்காமலோ, தொட்டவுடன் கவ்விக்கொள்வதாகவோ இருந்தால், காரணம் பெரும்பாலும் எண்ணெய். பின் அச்சின் எண்ணெய்த் தடுப்பு வளையம், அதாவது ஆயில் சீல், தேய்ந்து கசிவது என் வரிசை டிராக்டர்களில் நன்கு அறியப்பட்ட கோளாறு. கசிந்த எண்ணெய் ஷூவின்மேல் ஒட்டியுள்ள லைனிங் எனப்படும் உராய்வுப் பட்டையில் ஊறிவிட்டால், அதை மேலாகத் துடைப்பதால் பயனில்லை. சீலையும் லைனிங்கையும் மாற்றுவதே வழி. ஒரு பக்கம் மட்டும் புதிய லைனிங் போட்டு மறுபக்கம் பழையதை விட்டுவைத்தால் உராய்வு வேறுபட்டு மீண்டும் இழுக்கும் என்பதால், இருபுறமும் சேர்த்தே மாற்ற வேண்டும். அக்காலத்து லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது; டிரம்மைத் திறக்கும்போது உள்ளே படிந்திருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதிச் சுத்தம் செய்வது நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுத்து அந்தத் துணியை மூடிக் கட்டி அப்புறப்படுத்துவது பாதுகாப்பானது.

மிதிகளின் அச்சில் உள்ள புஷ் எனப்படும் உள்வளையங்களையும் பார்க்க வேண்டும். எழுபது, எண்பது ஆண்டு மிதித்த பின் அவை தேய்ந்து, மிதிகள் பக்கவாட்டில் ஆடும். நின்ற வண்டியில் அழகாகப் பொருந்தும் தகடு, மிதித்ததும் மிதி சாய்வதால் வெட்டை விட்டு நழுவிவிடும்.

இறுதிச் சோதனை தரையில்தான் நடக்க வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத, சமதளமான, காய்ந்த சரளைப் பரப்பில், முதலில் நடையின் வேகத்திலும் பின்னர் சற்றுக் கூட்டியும் ஓட்டி, பூட்டிய மிதியை மிதித்து நிறுத்தி, இறங்கிப் பார்த்தால் சக்கரங்கள் தாமே சாட்சி சொல்லும். இரண்டு இழுபட்ட தடங்களும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே நீளத்தில் முடிந்திருந்தால் வேலை சரி. ஒரு தடம் முன்பே தொடங்கியிருந்தால் அந்தப் பக்கத்தை ஒரு பல் தளர்த்த வேண்டும். ஒரு பக்கம் தடமே இல்லையென்றால் மீண்டும் டிரம்மைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இணைப்பினால் பிரேக்கின் வலிமை கூடிவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு சக்கரத்துக்குப் போன காலின் விசை இப்போது இரண்டுக்கும் பங்கிடப்படுகிறது; கிடைப்பது நேரான நிறுத்தம், அதிக விசை அன்று. இறக்கத்தில் பாரம் ஏற்றிய டிரெய்லர் பின்னால் தள்ளும்போது கியரில் வைத்து எஞ்சினால் தடுத்துக்கொண்டே இறங்க வேண்டும். கிளட்சை மிதித்துப் பிரேக்கை மட்டும் நம்புவது 1,100 கிலோ டிராக்டர் தன் எடையைப்போல் பலமடங்கைப் பிடித்து நிறுத்தும் என்று எதிர்பார்ப்பதாகும். 8என் வகைக்கு இன்னொரு தனித்த சிக்கலும் உண்டு. பின்னால் இணைக்கும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு அதில் கியர்பெட்டியுடன் பிணைந்திருப்பதால், புல்வெட்டும் கருவியின் கனத்த கத்தி சுழன்றுகொண்டிருக்கும்போது கிளட்சை மிதித்தாலும், அந்தக் கத்தியின் வேகமே தண்டின் வழியாகத் திரும்பி வந்து பின்சக்கரங்களை உருட்டும். வேலியை நோக்கி வண்டி தானே நகர்வதைக் கண்டு பதறும் ஓட்டுநர் ஒரு மிதியை மட்டும் அழுத்தினால் அது வேலியோரமாகச் சுழன்று திரும்பும். இதற்கு மருந்து மிதிப் பூட்டு அன்று. ஒரு திசையில் மட்டும் விசை கடத்தும் இணைப்பி ஒன்றை அந்தத் தண்டில் பொருத்துவதே.

பின்வந்த காலத்தில் இந்த இணைப்பு ஆலையிலேயே பொருத்தப்பட்டு வரத் தொடங்கியது. ஃபோர்டைப் பிரிந்த ஃபெர்குசனின் நிறுவனம் 1953-இல் மாசி ஹாரிசுடன் இணைந்து, பின்னர் மாசி ஃபெர்குசன் என்று பெயர் பெற்றது. அதன் 35 மாடலை அடியொற்றியதே, 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் 1035. தமிழ்நாட்டு வயல்களில் ஓடும் டிராக்டர்களில் வலக்காலருகே இரட்டை மிதியும் அவற்றைச் சேர்க்கும் லாக்கும் இருப்பதை எவரும் காணலாம். ஹைட்ராலிக் பிரேக் உள்ள பெரிய டிராக்டர்களில், இரு மிதிகளையும் சேர்த்து மிதிக்கும்போது உள்ளிருக்கும் வால்வுகள் திறந்து, இரு பக்க எண்ணெய் அழுத்தமும் ஒன்றோடொன்று கலந்து சமமாகிறது. பழைய டிராக்டரின் விறைப்பான தகட்டால் செய்ய முடியாத வேலையை அங்கே எண்ணெய் செய்கிறது. 8என் வைத்திருப்பவர் அதைத் திருகோலும் சரளைத் தரையும் கொண்டு தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.